நுகர்வும் வேட்கையும்

கல்லூரியில் தமிழிலக்கியத்தைப் பாடமாக எடுத்துப் படித்த காலத்தில், மணிமேகலையின் கடைசிக் காதை எங்களுக்குப் பரீட்சைக்கு வைக்கப்பட்டிருந்தது. அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்மத்தின் சாரத்தை உபதேசிக்கும் அந்தப் பகுதியில், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரண்டு நிதானங்கள் கூறப்படுகின்றன. பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் அந்த வரிசையைத் தவறில்லாமல் ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு நல்ல மதிப்பெண் நிச்சயம் என்பது எங்கள் வகுப்பில் எல்லோரும் அறிந்த ரகசியம். நானும் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அதை உருப்போட்டேன், எழுதினேன், தேறினேன். புலன் ஒரு பொருளைத் தொடுவது ஊறு, அத்தொடர்பினால் இன்பமோ துன்பமோ அநுபவமாவது நுகர்வு, அந்த அநுபவம் நீடிக்கவேண்டுமென்றோ நீங்கவேண்டுமென்றோ மனம் தவிப்பது வேட்கை என்று குறிப்பேட்டில் அழகாக எழுதிவைத்திருந்தேன். நுகர்வு வேறு, வேட்கை வேறு என்பதை ஒருவன் தன் உடம்பிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம் என்று எங்கள் ஆசிரியர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதைக் கண்டுகொள்வதற்கு எனக்கு உத்தியோக காலம் முழுவதும் கழிய வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பக்திக்குக் குறைவில்லை. விடியற்காலையில் நீராடித் திருநீறு தரித்து நாம ஜபம் செய்யாமல் தகப்பனார் காபியைத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றித் துதி பாடாமல் தாயார் அடுக்களைக்குள் போகமாட்டார். ஆனால், கையில் ஜபமாலையில்லாமல், நாவில் நாமமில்லாமல், எதிரே விக்கிரகமும் இல்லாமல், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்காக உட்காருவதென்பது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. அது மலைக்குகையில் வாசம் செய்யும் யோகிகளுக்கு உரியது, மாதச் சம்பளமும் மளிகைக் கடன் பாக்கியும் உள்ளவர்களுக்கு ஒத்துவராது என்பதே உறவினர் யாவருடைய அபிப்பிராயமும்.

இதற்கு மாறாகப் பேசியவர் ஒருவர் உண்டு. பர்மாவில் ராணுவ அரசாங்கம் கடைகளையும் வியாபார ஸ்தாபனங்களையும் தேசியமயமாக்கியபோது, ஆயுட்காலச் சம்பாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு, 1964-இல் ஒரு தகரப் பெட்டியோடு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த என் பெரியப்பாதான் அவர். சிறுவர்களாகிய எங்களைத் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டு, ஷ்வேடகோன் பகோடாவின் பொற்கோபுரத்தைப் பற்றியும், 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த ஆறாவது பௌத்த சங்காயனத்துக்காக மலைக்குகை வடிவில் கட்டப்பட்ட மாபெரும் மண்டபத்தைப் பற்றியும் அவர் சொல்லும் கதைகளுக்கிடையே, "அந்த ஊரில் குமாஸ்தாக்கள்கூட லீவு போட்டுவிட்டுத் தியானம் பண்ணப் போவார்களடா!" என்று ஒரு வார்த்தை வரும். நாங்கள் சிரிப்போம். லீவு என்பது கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் போடுவது என்பதல்லவா நாங்கள் அறிந்தது!

பிற்காலத்தில் நான் கணக்குத் தணிக்கைத் துறையில் உத்தியோகத்தில் அமர்ந்தபின், ஊ பா கின் என்ற பெயர் தற்செயலாக என் கண்ணில் பட்டது. பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4-ஆம் நாள் அந்நாட்டின் முதல் அக்கௌண்டண்ட் ஜெனரலாகப் பதவியேற்றவர் அவர். 1937-இல், சாயா தெட்ஜி என்ற குடியானவரான ஓர் இல்லற ஆசாரியரிடம் தியானம் பயின்று, பின்னர்த் தம் அலுவலக ஊழியர்களுக்கே அதைக் கற்பித்து, 1952-இல் ரங்கூனில் சர்வதேசத் தியான மையம் ஒன்றை நிறுவினார். அரசாங்கக் கணக்கில் ஒரு சல்லிக்காசு பிசகினாலும் விடாத அந்த அதிகாரி, தியானத்தையும் அதே கண்டிப்போடு போதித்தார் என்று படித்தபோது, பெரியப்பா சொன்னது கட்டுக்கதையல்ல என்பது மட்டுமல்ல, எங்கள் துறைக்கும் இந்த வித்தைக்கும் ஒரு பாந்தவ்யம் இருக்கலாம் என்பதும் எனக்குத் தோன்றியது.

அவருடைய சிஷ்யர்களுள் பிரசித்தி பெற்றவர் சத்திய நாராயண கோயங்கா. 1924-இல் மாந்தலே நகரில் ஒரு மார்வாரி வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், மார்பின் ஊசி போட்டுக்கொண்டாலன்றி அடங்காத ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டு, எத்தனையோ வைத்தியர்களைப் பார்த்தபின் ஊ பா கின்னிடம் வந்தார். தலைவலிக்கு மருந்தாக இதைக் கற்பதென்றால் கற்றுத்தர முடியாது, மனத்தின் மாசு நீங்கவேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தால் வரலாம் என்று அந்த ஆசாரியர் சொல்லிவிட்டதாக வரலாறு. 1955-இல் தொடங்கிய அந்தப் பயிற்சியின் பயனாக வலி நீங்கியது. வந்த காரணமோ பின்னுக்குப் போய்விட்டது. 1969-இல் இந்தியாவுக்கு வந்த கோயங்கா முதலில் பம்பாயிலும், உடனே அடுத்தபடியாகச் சென்னையிலும் தியான முகாம் நடத்தினார். நாசிக் அருகே இகத்புரியில் 1976-இல் தொடங்கிய தம்ம கிரி என்ற தியான மையம் இன்று உலகறிந்த இடம். சென்னைக்கு அருகில், திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசமாகிய திருநீர்மலையைத் தாண்டிப் பழந்தண்டலம் போகும் வழியில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆண்டின் மார்கழியில், குளிருக்கு ஒரு கம்பளியும் முழங்காலுக்கு ஒரு தைலப் புட்டியும் எடுத்துக்கொண்டு, பத்து நாள் முகாமுக்காக நான் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

சேர்வதற்கு முன்பே ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். உடல்நோய் உண்டா, மனநோய்க்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா, என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்றெல்லாம் அதில் விசாரிக்கிறார்கள். இது வெறும் சம்பிரதாயமன்று. பத்து நாள் மௌனத்தில் மனத்தோடு தனித்திருப்பது எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் ஏற்றதல்ல; நெஞ்சு நொந்து கிடப்பவருக்கு அது பாரத்தைக் கூட்டிவிடவும் கூடும். உணவுக்கும் உறையுளுக்கும் கட்டணம் கிடையாது. முன்பு பயின்றவர்கள் தந்த தானத்தில்தான் நடக்கிறது. ஒரு முகாமையேனும் முழுமையாக முடிக்காதவரிடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. காசு கொடுத்துக் கேள்வி கேட்கும் உரிமையை விலைக்கு வாங்கிப் பழகிய நம்போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடே ஒரு பாடம். குழம்பில் உப்புக் குறைந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

முதல்நாள் மாலையில் கைப்பேசி, புத்தகம், எழுதுகோல் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு ஒப்படைக்கச் சொன்னார்கள். கைப்பேசியைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தபோதுதான் கை சற்றுத் தயங்கியது. கல்லூரி நாளிலிருந்து அந்தப் பை வெறுமையாக இருந்ததில்லை. கொல்லாமை, கள்ளாமை முதலிய பஞ்ச சீலங்களை ஏற்றுக்கொண்டோம். வாயால் மட்டுமன்றிச் சைகையாலும் கண்ஜாடையாலும் பேசாதிருக்கும் மௌனம் அன்றிரவே தொடங்கியது. ஜபம், பூஜை, விரதம் முதலிய சொந்த அநுஷ்டானங்களையும் அந்தப் பத்து நாளுக்கு ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள். நாமத்தைச் சொன்னால் மனம் விரைவில் அடங்கும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை; ஆனால் இங்கே செய்யும் சோதனை, உள்ளதை உள்ளபடி பார்ப்பது; அதன்மேல் ஒரு சொல்லையோ வடிவத்தையோ ஏற்றினால், பார்க்க வந்தது மறைந்துபோகும் என்பது அவர்கள் கூறும் காரணம். தகப்பனார் காலத்திலிருந்து வந்த பழக்கத்தை விடுவதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை என்றாலும், வந்த இடத்து நியமத்துக்கு உட்படுவதே முறை என்று இசைந்தேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு மணியடிக்கும். நாலரை முதல் ஆறரை வரை தியானம், அதன்பின் சிற்றுண்டி, எட்டு மணிக்கும், பிற்பகல் இரண்டரைக்கும், மாலை ஆறு மணிக்கும் மண்டபத்தில் எல்லோரும் கூடி ஒவ்வொரு மணிநேரம் உட்கார வேண்டும், இடைப்பட்ட வேளைகளில் மண்டபத்திலோ அறையிலோ சாதனை, பதினோரு மணிக்கு மதிய உணவு, மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் பழமும் தேநீரும், ஏழு மணிக்கு ஒலிப்பதிவில் கோயங்காவின் பிரசங்கம், எங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பில். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் பத்து மணிநேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம். அதுவும் ஒரே காரியத்துக்காக.

அந்தக் காரியம் சொல்வதற்கு மிக எளியது. இயல்பாக உள்ளே போய் வெளியே வரும் மூச்சை, மூக்குத் துவாரங்களின் வாயிலில் கவனிக்க வேண்டும். இதற்கு ஆனாபானம் என்று பெயர். சிறுவயதில் பூரகம், கும்பகம், ரேசகம் என்று மாத்திரைக் கணக்கோடு பிராணாயாமம் பழகியிருந்த எனக்கு, இதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, அடக்குவதற்கு ஒன்றுமில்லை என்பதே பெரிய இடைஞ்சலாக இருந்தது. மூச்சு நீளமாக இருந்தால் நீளமென்று அறிக, குறுகியிருந்தால் குறுகியதென்று அறிக. நீட்டாதே, குறுக்காதே என்பது கட்டளை. நான் கவனிக்கத் தொடங்கிய மாத்திரத்தில், யாரும் கேளாமலே அதுவரை சீராக ஓடிக்கொண்டிருந்த மூச்சு தடுமாறிற்று. மேலதிகாரி பின்னால் வந்து நிற்பதை அறிந்த தட்டச்சரின் விரல்களும் இப்படித்தான் தடுமாறும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைத் தொடர்ந்து அந்த அதிகாரியின் முகம் வந்தது. அவர் குறைத்துவிட்ட ஒரு பயணப்படி பில் வந்தது. அந்தப் பில்லை நியாயப்படுத்தி அப்போதே எழுதியிருக்க வேண்டிய குறிப்பாணையின் வாசகம், பத்தி பத்தியாக வந்தது. கண்விழித்தால் கால்மணி நேரம் ஓடியிருந்தது.

மனத்தின் அடியில் மகா பாதகங்களோ மகோன்னதமான கனவுகளோ கிடக்கும் என்று கதைகளைப் படித்து நான் எண்ணியிருந்தது உண்டு. என்னுடையதில் கிடந்தவை யாவும் சில்லறைச் சாமான்கள். ஓய்வூதியத்தில் தொகுத்துப் பெற்ற பங்கைச் சேமிப்பில் போட்டது லாபமா, நஷ்டமா என்ற கேள்வி. மகள் கல்யாணத்தில் சமையற்காரர் கேட்ட கூடுதல் தொகை. எந்தப் படத்தில் வந்ததென்று நினைவில்லாத ஒரு பாட்டின் இரண்டாவது அடி மட்டும், முதலடியைத் தேடிக்கொண்டு, முற்பகல் முழுவதும். இவற்றைக் குறித்துவைக்கப் பேனா இல்லாமையால், ஒவ்வொன்றும் மறக்கப்படாதிருக்கும் பொருட்டுத் திரும்பத் திரும்ப வந்து ஆஜர் கொடுத்தது. நடுப்பகலில் ஆசாரியரைத் தனியே கண்டு சந்தேகம் கேட்கலாம். அவர் வெள்ளை ஜிப்பா அணிந்த, அதிகம் பேசாத பெரியவர். "ஐயா, மனம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை" என்றேன். "ஓடியது தெரிந்ததா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். "தெரிந்த இடத்திலிருந்து மூச்சுக்குத் திரும்புங்கள். அதற்காக மனத்தைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்" என்றார். தூக்கம் வருகிறது என்று முறையிட்டபோது, கொஞ்ச நேரம் மூச்சைச் சற்று வேகமாக விட்டுப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் எழுந்து வெளியே சிறிது நடந்துவிட்டு வாருங்கள் என்றார். தத்துவ விசாரத்துக்கு ஆயத்தமாகப் போயிருந்த எனக்கு இவ்வளவே கிடைத்தது.

மூன்றாம் நாள் விடியலில், மேலுதட்டுக்கு மேலே மூக்குக்குக் கீழே உள்ள அந்தச் சிறு இடத்தில், உள்ளே போகும் காற்றுக் குளிர்ந்தும் வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாகவும் படுவதைத் தெளிவாக உணர்ந்தேன். இடது நாசியில் மட்டுமே காற்று ஓடிக்கொண்டிருந்தது. வலது நாசி ஏறக்குறைய அடைத்திருந்தது. சிற்றுண்டிக்குப் பின் உட்கார்ந்தபோது அது மாறி வலப்பக்கம் ஓடிற்று. இடகலை, பிங்கலை என்று சர சாஸ்திரம் கூறுவதையும், நாசிகள் மாறி மாறி இயங்குவதாக மருத்துவர்கள் சொல்வதையும் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டதை என் மூக்கில் நானே சரிபார்த்தது அன்றுதான். மூன்று நாள் உழைப்புக்குக் கிடைத்த வருமானம் இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஒரு ரூபாய் நாணயம் மூடிவிடக்கூடிய அந்த இடத்தில் இவ்வளவு நடமாட்டம் இருப்பதை அறியாமலே இத்தனை வயதாகிவிட்டதே என்ற ஆச்சரியம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள் பிற்பகலில் விபாசனையைக் கற்பித்தார்கள். மூக்கு வாயிலில் கூர்மையடைந்த கவனத்தை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அங்கம் அங்கமாக நடத்திச் சென்று, ஆங்காங்கே என்ன உணர்ச்சி இருக்கிறதோ, சூடோ, குளிர்ச்சியோ, அரிப்போ, துடிப்போ, வலியோ, அதை விரும்பாமலும் வெறுக்காமலும், தோன்றி மறையும் இயல்புடையது என்ற அறிவோடு பார்த்துக்கொண்டு போகவேண்டும். அது முதல், மூன்று கூட்டுத் தியான வேளைகளிலும் ஒரு மணிநேரம் கையைத் திறவாமல், காலை மாற்றாமல், கண்ணைத் திறவாமல் இருப்பதென்ற உறுதியோடு உட்கார வேண்டும். இதைப் பாலியில் அதிட்டானம் என்கிறார்கள்.

இங்கே எங்கள் துறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தணிக்கைக்காரன் கணக்கேட்டைப் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் தான் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு குறி இடலாம். ஆனால், தவறு கண்ணுக்கு நேரே கிடந்தாலும் அதை அடித்துத் திருத்தும் உரிமை அவனுக்கு இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது, கை துறுதுறுக்கும். பின்னர், திருத்துகிற கையால் உண்மையாகப் பார்க்க முடியாது என்பதைத் தொழிலே கற்பித்தது. விபாசனை கேட்பதும் அந்தக் கட்டுப்பாட்டையே என்று கண்டபோது, ஊ பா கின் ஏன் இதில் அவ்வளவு தேர்ச்சியடைந்தார் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் கிடைத்தாற்போல் இருந்தது.

ஆனால் கணக்கேடு வலிக்காது, முழங்கால் வலிக்கும். சம்மணமிட்டு உட்கார்ந்த கால்மணி நேரத்தில் இடது முழங்காலின் உட்புறத்தில் ஒரு சூடு தோன்றி, பரவி, அரைமணிக்குள் தொடையிலிருந்து கணுக்கால் வரை வேறு எதற்கும் இடமில்லாதபடி நிறைந்தது. அதைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு நான் செய்ததெல்லாம் நேரத்தைக் கணக்கிடுவதும், இன்னும் எத்தனை நிமிஷம் என்று கூட்டிக் கழிப்பதும், இந்த வயதில் இது அவசியமா என்று என்னையே விசாரிப்பதுமாக இருந்தன. கவனத்தை வலியின் நடுவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியபோது, ஒரே வலி என்று நான் எண்ணியிருந்தது கலைந்தது. ஓரத்தில் ஓர் இறுக்கம், உள்ளே விட்டு விட்டு ஒரு துடிப்பு, கீழே மரத்துப்போன ஒரு பகுதி, இவற்றுக்கிடையே வலியே இல்லாத சிறு சிறு இடங்கள். சில கணங்கள் இப்படிப் பார்ப்பேன். மறுபடியும் கணக்கிடத் தொடங்கிவிடுவேன்.

ஒவ்வொரு கூட்டுத் தியானமும் முடிவதற்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போது, ஒலிப்பதிவில் கோயங்காவின் கனத்த, சற்றே இழுத்துப் பாடும் குரல் எழும். அந்தக் குரல் கேட்டால் நேரம் முடியப்போகிறது என்று பொருள். ஐந்தாம் நாள் மாலையில், இனி ஒரு கணமும் தாங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் இருந்தபோது அந்தக் குரல் எழுந்தது. எழுந்த மாத்திரத்தில் என் வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. நான் காலை அசைக்கவில்லை. மடக்கியது மடக்கியபடியே இருந்தது. ரத்த ஓட்டத்திலோ நரம்பிலோ எந்த மாறுதலும் நேர்வதற்குக் காரணமில்லை. மாறியது ஒன்றுதான்: இது எப்போது முடியும் என்ற தவிப்பு முடிந்துவிட்டது. அப்படியானால், அதுவரை நான் முழங்கால் வலி என்று அநுபவித்ததில் பாதிக்குமேல் முழங்காலைச் சேர்ந்ததே அன்று. மிச்சமிருந்த வலி, அமைதியாகத் தன் இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அச்சமில்லை.

அந்த நாட்களில் ஒரு பிரசங்கத்தில், உணர்ச்சியிலிருந்து வேட்கை பிறக்கும் இடத்தில்தான் நிதானங்களின் சங்கிலியை அறுக்க முடியும்; அதற்கு முந்திய கண்ணிகளில் நமக்குச் சுதந்திரமில்லை; பிந்திய கண்ணிகளில் காலம் கடந்துவிடும் என்று விளக்கினார்கள். இருட்டில், சுவரில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டிருந்த என் வாயில், பரீட்சைக்கு உருப்போட்ட வரிசை, நான் அழைக்காமலே வந்து நின்றது. ஊறு, நுகர்வு, வேட்கை. மூன்றையும் மதிப்பெண்ணுக்காக அடுத்தடுத்து எழுதியிருந்தேனே தவிர, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஒருவன் நின்றுகொள்ள இடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தம் காப்பியத்தின் முடிவில் இந்த உபதேசத்தைக் கொண்டுபோய் வைத்தது வெறும் தத்துவ அட்டவணைக்காக இராது. அதைக் கேட்ட மணிமேகலை பவத்திறம் அறுவதற்காக நோன்பு மேற்கொண்டாள் என்றுதான் காப்பியம் முடிகிறது. நாங்கள் அட்டவணையோடு நிறுத்திக்கொண்டோம்.

துன்பத்தைப் பற்றியது மட்டும் இந்தப் பாடம் என்று நான் எண்ணிவிடாதபடி, அடுத்த நாட்களில் வேறொன்று நேர்ந்தது. ஒரு நாள் விடியலில் உடம்பெங்கும் ஒரு மெல்லிய அதிர்வு பரவி, கவனம் தலையிலிருந்து கால்வரை தடையின்றி வழிந்தோடிற்று. எடையே இல்லாதவனாக உட்கார்ந்திருந்தேன். மணியடித்தபோது எழுந்திருக்க மனம் வரவில்லை. அன்றைய எட்டு மணித் தியானத்துக்கு, என் உத்தியோக காலத்தில் எந்தக் கூட்டத்துக்கும் போகாத அவசரத்தோடு போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பழைய முழங்காலும், முதுகில் ஓர் அரிப்பும், பக்கத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் ஓசையும், மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தின் இரைச்சலுமே இருந்தன. நடுப்பகலில் ஆசாரியரிடம் போய், காலையில் வந்தது மறுபடியும் வருவதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். அவர் புன்னகை செய்து, "நீங்கள் கணக்குத் துறையில் இருந்தவரா?" என்றார். ஆமென்றேன். "வந்ததை வரவு வைக்காதீர்கள். போனதைப் பற்று எழுதாதீர்கள். இப்போது இருப்பது என்ன?" என்றார். இருப்பது ஏமாற்றம் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்துவிட்டேன். வலி நீங்கவேண்டும் என்ற தவிப்பும் சுகம் திரும்பவேண்டும் என்ற தவிப்பும் உடம்பில் ஒரே விதமாகவே தெரிகின்றன. இரண்டுக்கும் நெஞ்சுக்குழியில் ஓர் இறுக்கம், மூச்சில் ஒரு குறுக்கம். அன்று பிற்பகல் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் முற்பகலில், எல்லா உயிர்களும் இன்புறுக என்று நினைக்கும் மைத்ரி பாவனையைக் கற்பித்து, மௌனத்தைத் தளர்த்தினார்கள். மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் கூடிய அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கியபோது, அந்த ஓசையைச் செவி தாங்கவில்லை. ஆயினும் அடுத்த நிமிஷமே நானும் அதில் கலந்துகொண்டேன். கல்லூரி மாணவன், லாரி உரிமையாளர், பல் வைத்தியர், ஓர் அச்சுக்கூடத்துத் தொழிலாளி என்று பலர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் முழங்காலைப் பற்றியே முதலில் பேசினார்கள் என்பது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. ஓடிப்போய்விடலாமா என்று எண்ணியது எந்த நாளில் என்று விசாரித்துப் பார்த்ததில், பெரும்பாலோர் இரண்டாம் நாளையும் ஆறாம் நாளையும் குறிப்பிட்டார்கள். புறப்படும்போது பையைத் திருப்பித் தந்தார்கள். பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டேன்.

வீடு திரும்பியவனை ஒரு வாரம் வரை கவனித்த என் மனைவி, "பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வட்டியும் முதலுமாகச் சேர்த்துப் பேசுகிறீர்களே!" என்றாள். அது உண்மையே. காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணிநேரம் உட்காரும்படி அங்கே சொல்லியனுப்புகிறார்கள். காலை வேளை எனக்கு நிலைத்தது, மாலை வேளை நிலைக்கவில்லை. நாம ஜபத்தை மறுபடியும் தொடங்கிக்கொண்டேன், வேறு வேளையில். கோபம் போய்விட்டதா என்று கேட்கும் நண்பர்களுக்கு, போகவில்லை, ஆனால் வருவது தெரிகிறது என்று சொல்லுகிறேன். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்குப் பங்கு பிரிக்கும் கூட்டத்தில், எதிர்வீட்டுக்காரர் சென்ற மாதக் கணக்கில் சந்தேகம் எழுப்பியபோது, முதலில் என் காதுமடல்கள் இரண்டும் சுட்டன. பிறகுதான் நாவுக்குச் சொல் வந்தது. முன்பும் அவை அப்படியே சுட்டிருக்கும். இப்போது சூடு தெரிந்ததனால், சொல்லைக் கொஞ்சம் பொறுக்கி எடுக்க அவகாசம் கிடைத்தது. அவகாசம் கிடைத்தும் கடுமையாகப் பேசிய நாட்களும் உண்டு.

புதிதாகத் தியானம் பழக விரும்புகிறவர்கள் என்னிடம் வந்து, மனம் ஒடுங்குமா, ஒளி தெரியுமா, நிம்மதி வருமா என்று கேட்கிறார்கள். அந்த மகத்தான விஷயங்களைப் பற்றிச் சொல்லத் தகுந்த பெரியோர்கள் நம் நாட்டில் எக்காலத்தும் இருந்திருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது முழங்காலைப் பற்றித்தான். அது இன்னமும் வலிக்கிறது. எலும்பு வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்று சொல்லி, மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இரவில் தைலம் தேய்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வலியில் முழங்காலின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பது இப்போது எனக்கு ஓரளவு தெரியும். முழங்காலின் பங்குக்குத் தைலம் இருக்கிறது. என் பங்குக்குத்தான் காலையில் அந்த ஒரு மணிநேரம்.